அலிகர் முதல் காளவாசல் வரை: தொடர்பியற் கல்வியும் நம் சமுதாயமும்

மதுரை மாநகரின் மேற்குத் திசையில் காளவாசல் என்றோர் இடம் உண்டு. காளவாசல் என்னும் சொல் சூளையைக் குறிப்பது. சுண்ணாம்பும் செங்கல்லும் வெந்து மாநகரத்து மாளிகைகளுக்குச் சென்ற காலத்தின் நினைவை அப்பெயர் இன்னும் சுமந்து நிற்கிறது. சூளைகள் போயின. 2020-ல் அந்நாற்சந்தியின் மேல் ஒரு பாலமும் எழுந்துவிட்டது. பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து அரசரடி வழியாக வரும் சாலை இங்கிருந்து மேற்கே நீண்டு, நாகமலையை ஒட்டிச் சென்று, மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தைத் தொட்டு, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று கம்பம் பள்ளத்தாக்குவரை போகிறது. அரசரடியிலும் மகபூப்பாளையத்திலும் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் கல்லூரிப் படிப்பென்று எண்ணும்போது, கால்கள் தாமாகவே நாடும் சாலைகளுள் இதுவும் ஒன்று.

அச்சாலையின் பல்கலைக் கழகத்தில் பயிற்றப்படும் படிப்புகளுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம். இதழியல் என்றும், மக்கள் தொடர்பியல் என்றும், காட்சித் தொடர்பியல் என்றும் பல பெயர்களால் அது வழங்கப்படுகிறது. நம் குடும்பங்களில் இப்படிப்பின் பெயரைக் கேட்டதும் எழும் முதற் குழப்பம் சற்று நகைப்புக்குரியது. "கம்யூனிகேஷன் படிக்கிறேன் அத்தா" என்று மகன் சொன்னால், தந்தை எலக்ட்ரானிக்ஸ் பொறியியலை எண்ணி மகிழ்ந்து தலையாட்டிவிடுகிறார். அது கம்பியும் கருவியும் பற்றிய படிப்பன்று, மனிதர் மனிதரோடு செய்தி பகிர்வது பற்றிய படிப்பு என்று தெரியவரும்போதுதான், "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்ற கேள்வி பிறக்கிறது. கேள்வி நியாயமானதே. அதற்கு விடை சொல்லுமுன், இக்கல்வி நம் நாட்டில் எங்கே பிறந்தது என்பதை அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம் சமுதாயத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை நாமே மறந்திருக்கிறோம்.

அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக் கழகம் 1908-ல் இதழியலுக்கெனத் தனிப் பள்ளியைத் திறந்தது. அதுவரை பத்திரிகைத் தொழில் அச்சுக்கூடத்து மையைப் பூசிக்கொண்டே கற்க வேண்டிய தொழிலாக இருந்தது. வகுப்பறையில் அதைக் கற்பிக்கலாம் என்பதே அந்நாளில் புதுமை. இந்தியாவில் அன்னி பெசன்ட் அம்மையார் 1920-ல் சென்னை அடையாற்றிலிருந்த தம் தேசியப் பல்கலைக் கழகத்தில் இதழியல் வகுப்பு நடத்தினார். ஆயினும் நாடறிந்த ஒரு பல்கலைக் கழகம் இதழியலைத் தன் பாடமாக ஏற்றுப் பட்டயம் வழங்க முன்வந்தது 1938-ல்தான். அப்பல்கலைக் கழகம் அலிகர் முஸ்லிம் பல்கலைக் கழகம்.

அதனைத் தொடங்கி வைத்தவர் சர் ஷா முஹம்மது சுலைமான். அலகாபாத் உயர்நீதி மன்றத்தின் தலைமை நீதிபதியாக விளங்கிப் பின் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியானவர். சட்டத்தோடு நில்லாமல் கணிதத்திலும் பௌதிகத்திலும் புகுந்து, ஐன்ஸ்டைனின் சார்பியற் கொள்கைக்கே மறுப்பு எழுதத் துணிந்தவர். அக்கொள்கையை அவர் வென்றாரில்லை. ஆனால் தெரியாத துறை என்று எதையும் ஒதுக்காத அந்த மனப்போக்கே, பத்திரிகைத் தொழிலைப் பல்கலைக் கழகப் பாடமாக்கலாம் என்ற எண்ணத்தையும் அவருக்குத் தந்திருக்க வேண்டுமென்று கருதுகிறோம். ரஹ்ம் அலீ அல்ஹாஷிமி என்பாரிடம் அவ்வகுப்பின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது.

இரண்டே ஆண்டுகள். 1940-ல் அவ்வகுப்பு மூடப்பட்டது. 1941-ல் சர் சுலைமானும் மறைந்தார். அதே ஆண்டில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக் கழகம் பிருதிவி பால் சிங்கின் தலைமையில் ஓர் இதழியல் துறையைத் தொடங்கியது. அத்துறை நாட்டுப் பிரிவினையில் லாகூரை இழந்து, டில்லியில் அகதியாகக் குடியேறி, 1962-ல் சண்டிகரை அடைந்து இன்றும் உயிரோடிருக்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நம் நெஞ்சு சற்றுக் கனக்கிறது. ஊரையே இழந்த துறை பிழைத்தது. ஊர் இருந்தும் நம் துறை பிழைக்கவில்லை. முதலில் விதைத்தவர் நாம் என்று பெருமை பேசுவோர், முளைத்த பயிருக்கு நீர் விடாதவரும் நாமே என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும்.

சென்னைப் பல்கலைக் கழகம் 1947-ல் இதழியல் கற்பிக்கத் தொடங்கியது. கல்கத்தா, மைசூர், நாகபுரி, உஸ்மானியா ஆகியவை 1950-களில் தொடர்ந்தன. 1965-ல் டில்லியில் இந்திய மக்கள் தொடர்பியல் நிறுவனம் பிறந்தது. வில்பர் ஷ்ராம் என்ற அமெரிக்க அறிஞர் தலைமையில் ஒரு குழு வந்து ஆராய்ந்து சொன்ன யோசனையின் விளைவு அது. பத்திரிகைக் கல்வி என்ற பெயர் தொடர்பியற் கல்வி என்று விரிந்ததும் இக்காலத்தில்தான். வானொலி, திரைப்படம், விளம்பரம், குடும்பநலப் பிரசாரம், உழவர்க்கு வேளாண்மை அறிவு புகட்டல் ஆகிய யாவும் ஒரே குடையின்கீழ் வந்தன. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகக் கல்வித் தொலைக்காட்சி காட்டிய சோதனை இவ்விரிவின் உச்சம். தமிழகம் அந்த ஆறில் சேரவில்லை என்பது நமக்கு ஒரு குறை.

பல்கலைக் கழகங்கள் பட்டயம் தருமுன்னரே நம்மவர் பத்திரிகை நடத்தினர் என்பதை இங்கு விரிவாகச் சொல்லியாக வேண்டும். கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்திலெப்பை மரைக்கார் 1882-ல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கினார். சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 1887-ல் 'சிங்கை நேசன்' வார இதழை வெளியிட்டார். அது மூன்றாண்டுகள் நடந்தது. கடல்கடந்து வணிகம் செய்த தமிழர், முஸ்லிம் இந்து என்ற வேறுபாடின்றி ஊர்ச்செய்தியும் உலகச்செய்தியும் தம் மொழியில் படித்தனர். இவ்விருவரும் எந்தக் கல்லூரியிலும் இதழியல் பயிலவில்லை. சித்திலெப்பையோ இதழ் நடத்தியதோடு நில்லாமல் பள்ளிக்கூடங்களும் நிறுவி, 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலும் எழுதினார். செய்தித்தாளையும் பள்ளியையும் ஒரே பணியின் இரு கைகளாக அவர் கண்டார்.

தமிழகத்தில் இவ்வரிசையில் தலைநின்றவர் மர்ஹூம் பா. தாவூத் ஷா அவர்கள். நாச்சியார்கோயிலைச் சேர்ந்தவர், பட்டதாரிகள் அருகியிருந்த காலத்தில் பி.ஏ. தேறியவர், சப்-மாஜிஸ்திரேட் உத்தியோகத்தை உதறிவிட்டு இதழாளரானவர். 1919-ல் 'தத்துவ இஸ்லாம்' என்று தொடங்கி, 1923-லிருந்து 'தாருல் இஸ்லாம்' என்ற பெயரில் பல்லாண்டுகள் நடத்தினார். அவருடைய மார்க்கக் கருத்துகள் சிலவற்றை ஆலிம்கள் வன்மையாக மறுத்தனர். அவ்வழக்கைத் தீர்ப்பது நம் வேலையன்று. அவர் கையாண்ட தமிழே இங்கு நம் கருத்தைக் கவர்வது. அரபும் உருதும் கலந்த நடைதான் முஸ்லிம் தமிழ் என்றிருந்த நாளில், தெளிந்த தமிழில் உலக நடப்பையும் அரசியலையும் பெண்கல்வியையும் அவர் எழுதினார். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி காணாத நாகூர் சித்தி ஜுனைதா பேகம் போன்ற பெண்மணியின் எழுத்தும் அந்த இதழில் இடம் பெற்றது. 1938-ல் அவ்வம்மையார் 'காதலா? கடமையா?' என்ற நாவலை வெளியிட்டார். அலிகரில் பட்டய வகுப்பு திறந்த அதே ஆண்டு! வடக்கே ஒரு நீதிபதி வகுப்பறையைத் திறக்க, தெற்கே வகுப்பறையே காணாத ஒரு பெண்மணி எழுதி முடித்திருக்கிறார்.

ஆனால் இவ்வளவு திறமும் தனிமனிதர் திறமாகவே நின்றுவிட்டது. ஆசிரியர் முதுமையுற்றதும் இதழ் தளரும். அவர் கண்ணை மூடினால் இதழும் மூடும். சந்தா தண்டுவோரும் ஆசிரியரே, மெய்ப்புத் திருத்துவோரும் ஆசிரியரே, அஞ்சலில் சேர்ப்போரும் ஆசிரியரே என்றிருந்தால் அடுத்தவர்க்குக் கற்றுத்தர நேரம் ஏது? நம் இதழ்கள் பலவற்றின் மறைவுக்குப் பணமுடை காரணமென்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. பயிற்சி பெற்ற வாரிசுகள் இன்மை மறுபாதி என்பது நம் முடிபு. இன்னொன்றும் சொல்லலாம்; சிலர் முகம் சுளிக்கக்கூடும். நம் இதழ்களில் பெரும்பாலானவை உபதேசத்துக்குக் கொடுத்த பக்கங்களைச் செய்திக்குக் கொடுக்கவில்லை. ஊரில் வக்ஃப் நிலம் யார் கையில் இருக்கிறது, மதரஸாவில் எத்தனை பிள்ளைகள் ஓதுகிறார்கள், தோல் பதனிடும் தொழிலாளிக்குக் கூலி என்ன என்பனவற்றைத் தேடிச்சென்று, எண்ணிப்பார்த்து எழுதும் நிருபர் நமக்கு அருமையாகவே வாய்த்தார்.

செய்தியைச் சோதிக்கும் கலை நமக்கு அந்நியமானதா என்றால், அதுதான் இல்லை. ஒருவர் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரித்துத் தெளிய வேண்டுமென்பது சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் இடும் கட்டளை. ஹதீஸ் கலையினர் ஒரு செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற சங்கிலியை இஸ்னாது என்று பெயரிட்டுக் காத்தனர். அச்சங்கிலியில் நின்ற ஒவ்வொருவரின் நாணயம், நினைவாற்றல், வாழ்ந்த காலம், ஊர் ஆகியவற்றைத் தொகுத்து 'அஸ்மாவுர் ரிஜால்' என்ற தனித் துறையே கண்டனர். ஹிஜ்ரி 256-ல் மறைந்த இமாம் புகாரி அவர்கள் செய்தியின் வாய்மை தேடி ஊர் ஊராக நடந்தார்கள். இக்கால இதழியல் வகுப்பில், செய்தி தந்தவர் யார், அவர் நேரில் கண்டாரா, கேட்டுச் சொல்கிறாரா, அவருக்கு அதில் ஆதாயம் உண்டா என்று கேட்கப் பழக்குகிறார்கள். மதரஸாவில் உசூலுல் ஹதீஸ் ஓதிய மாணவர் இவ்வகுப்பில் அமர்ந்தால் அவருக்குப் பாதிப் பாடம் முன்பே தெரிந்ததாக இருக்கும்.

இனி மதுரைக்கு வருவோம். வைகைக்கரை ஊருக்குப் பத்திரிகை வரலாறு சிறிதன்று. நான்காம் தமிழ்ச் சங்கம் 1901-ல் தோன்றி, 'செந்தமிழ்' இதழை நடத்தியது. சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் முதல் நாளில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியதும் மதுரையில்தான். இலண்டனில் பாரிஸ்டர் படித்துச் சிங்கப்பூரில் தொழில் நடத்தித் திரும்பியவர், எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் செய்தித்தாள் வேண்டுமென்று கண்டார். பேச்சுத்தமிழை ஒட்டிச் சிறு சிறு வாக்கியங்களாக எழுதத் தம் நிருபர்களைப் பழக்கினார். அவர்களுக்கெனக் கையேடும் எழுதினார். புலவர்கள் அவர் தமிழைக் குறை கூறினார்கள். தேநீர்க் கடைப் பெஞ்சு அதை ஏற்றுக்கொண்டது. தமிழகத்துத் தொடர்பியற் கல்வியின் முதல் வகுப்பறை கல்லூரியில் இல்லை, மதுரையின் அச்சுக்கூடத்தில் இருந்தது என்று நாம் சொல்வதில் தவறிராது.

1966-ல் மதுரைப் பல்கலைக் கழகம் பிறந்தது. தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் முதல் துணைவேந்தர். 1971-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியதும், பல்கலைக் கழகமே ஒரு பெரும் தொடர்பு நிறுவனமாகிவிட்டது எனலாம். வேலையிலிருந்த ஆண்களும், திருமணமாகி வீட்டிலிருந்த பெண்களும் தபாற்காரர் கொண்டுவந்த பாடங்களைப் படித்துப் பட்டதாரிகளாயினர். 1978-ல் காமராசர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. பல்கலைக் கழக மானியக் குழு 1984 ஆகஸ்டு 15-ல் தூர்தர்ஷனில் நாடுதழுவிய வகுப்பறை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அவ்வகையான கல்விப் படங்களைத் தயாரிக்கும் மையங்கள் சில பல்கலைக் கழகங்களில் அமைந்தன. அவற்றுள் நாகமலை அடிவாரத்து வளாகமும் ஒன்று. மதுரை வானொலி நிலையம் 1987-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. திருச்சி நிலையத்தை 1939 முதல் கேட்டுவந்த மாவட்டத்துக்கு, சொந்தக் குரல் வந்துசேர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

வடக்கே நம் சமுதாயத்துக்கு ஆறுதலான நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. டில்லி ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவில் 1982-ல் துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய், கனடா நாட்டு யார்க் பல்கலைக் கழகத்தின் துணையோடும் ஜேம்ஸ் பெவரிட்ஜ் என்ற படத்தயாரிப்பாளரின் ஒத்துழைப்போடும் மக்கள் தொடர்பியல் ஆய்வு மையத்தை நிறுவினார். அது நாட்டின் முதல் வரிசை நிறுவனங்களுள் இடம்பெற்றுவிட்டது. அலிகரில் 1940-ல் அணைந்த விளக்கு நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஜாமிஆவில் ஏற்றப்பட்டது என்று நாம் கொண்டால், கித்வாய் அவர்கள் அதை மறுக்கமாட்டார்கள் என நம்புகிறோம்.

தமிழகக் கல்லூரிகளில் காட்சித் தொடர்பியலுக்குச் சென்னை இலயோலாக் கல்லூரி வழிகாட்டியது. 1993-ல் சன் தொலைக்காட்சி வந்தபின் இப்படிப்புக்குக் கிராக்கி பெருகியது. மதுரையில் 1881-ல் தோன்றிய அமெரிக்கன் கல்லூரியிலும் காட்சித் தொடர்பியல் உண்டு. கோரிப்பாளையம் தர்காவுக்குச் சென்று வருவோர்க்கு அது அண்டை வீடு. நம் சமுதாயத்தார் நிறுவிய பாளையங்கோட்டை சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியும் இப்படிப்பை மேற்கொண்டிருக்கிறது. 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காட்டு ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அதை எண்ணிப்பார்க்கும் பெற்றோர், இவ்வகுப்பை எண்ணிப்பார்ப்பதில்லை.

என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். செய்தித்தாளில் நிருபராகவும் உதவி ஆசிரியராகவும் போகலாம். தொலைக்காட்சியில் படத்தொகுப்பு, ஒளிப்பதிவு, நிகழ்ச்சித் தயாரிப்பு. விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதுதல். மருத்துவமனை, வங்கி, ஆலை ஆகியவற்றின் மக்கள் தொடர்பு அலுவல். தொண்டு நிறுவனங்களில் களப்பணியை ஆவணமாக்குதல். மாநில அரசுக்குச் செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது. நடுவணரசுக்கு இந்தியத் தகவல் பணி இருக்கிறது, அதற்கு யூ.பி.எஸ்.சி. தேர்வு உண்டு. முதுகலை முடித்து நெட் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியராகலாம். வானொலியைச் சிறு வேலை என்று எண்ணுவோர், இலங்கை வானொலியின் பி.எச். அப்துல் ஹமீது அவர்களின் உச்சரிப்பைக் கடலின் இருபுறத்துத் தமிழரும் செவிமடுத்ததை எண்ணுக. ஆனந்த விகடனிலும் சிங்கப்பூரின் தமிழ் முரசிலும் பணியாற்றிய எழுத்தாளர் ஜே.எம். சாலி அவர்கள், பொது இதழ்களில் நம்மவர்க்கு இடமில்லை என்ற பேச்சுக்குத் தாமே விடையாக இருந்தார்.

இதன் மறுபுறத்தையும் மறைக்கக்கூடாது. தொடக்கச் சம்பளம் மிகச் சொற்பம். நாழிகை பார்த்து வீடு திரும்பும் வேலையன்று; பெருநாள் அன்றும் செய்தி அறை திறந்தே இருக்கும். அச்சு இதழ்கள் சுருங்கி, கைப்பேசித் திரைக்குச் செய்தி இடம்பெயர்ந்த பின் வேலை நிலைப்பதும் அரிதாகியிருக்கிறது. ஆபத்தும் உண்டு. 2007 மே 9-ல் மதுரையில் தினகரன் அலுவலகம் தாக்கப்பட்டுத் தீவைக்கப்பட்டபோது அங்குப் பணியிலிருந்த மூவர் மாண்டனர். அவர்கள் எழுதிய எதற்காகவும் மாளவில்லை, பணியிடத்தில் இருந்ததற்காக மாண்டனர். இப்படிப்பில் பிள்ளையைச் சேர்க்கும் தந்தை இதையும் அறிந்தே சேர்க்க வேண்டும்.

மார்க்கத்தின் பெயரால் எழும் தயக்கத்தையும் நாம் ஒதுக்கிவிடவில்லை. சினிமாவுக்குப் போய்விடுவார்கள் என்ற அச்சம், குறிப்பாகப் பெண்மக்கள் பற்றிய அச்சம், பல வீடுகளில் உண்டு. கத்தி காய் நறுக்கவும் பயன்படும் என்று எளிதில் விடை சொல்லிவிடலாம், அது போதாது. நாம் புகாத அறையில் நம்மைப் பற்றிய செய்தி எழுதப்படுகிறது என்பதே நம் கவலை. ஊரில் ஒரு கலகம் நேர்ந்தால், பள்ளிவாசல் வழக்கொன்று மூண்டால், முத்தலாக் பற்றிய விவாதம் கிளம்பினால், மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்து தலைப்பிடுவோர்க்கு இத்தாவும் குலாவும் வேறென்று சொல்ல ஒருவர் வேண்டாமா? 2006-ல் டில்லியில் தேசியச் செய்தி நிறுவனங்களின் முடிவெடுக்கும் பதவிகளைக் கணக்கெடுத்தபோது, முஸ்லிம்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு மிகக் குறைவாகவே இருந்தது தெரியவந்தது. பிறர் தடுத்ததால் மட்டும் அந்நிலை வந்தது என்று நாம் வாதிட முடியாது.

கல்லூரியைத் தேர்வோர் கட்டடத்தையும் ஸ்டூடியோக் கண்ணாடியையும் பார்த்து மயங்க வேண்டாம். மாணவர் செய்திதாள் ஒன்று அங்கு உண்மையில் வெளிவருகிறதா, இறுதியாண்டில் எத்தனை மாதம் செய்தி நிறுவனத்தில் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், கற்பிப்போரில் தொழில் செய்து வந்தவர் உண்டா என்று கேட்க வேண்டும். தமிழைப் பிழையின்றி எழுதத் தெரியாதவன் எந்தக் கருவியைக் கையாண்டும் பயனில்லை, ஆங்கிலமும் வேண்டும், உருதோ அரபோ தெரிந்த பிள்ளைக்கு அது பிறரிடம் இல்லாத செல்வம். பொருளியலையோ சட்டத்தையோ இளங்கலையில் படித்து, முதுகலையில் தொடர்பியலுக்கு வருவதையே நாம் விரும்புவோம். எழுதுவதற்கு ஒரு பொருள் கைவசம் இருக்கும்.

இப்படிப்பின் முடிவில் மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கிறது. பலரும் திரைப்பட விளம்பரங்களையே ஆய்கின்றனர். தாருல் இஸ்லாமின் பைண்டு செய்த தொகுதிகளும், நின்றுபோன நம் மாத இதழ்களின் உதிரிப் பிரதிகளும் எத்தனையோ வீடுகளில் பரண்மேல் கரையானுக்கு இரையாகின்றன. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய இதழ்களைப் படமெடுத்துக் காத்து வருகின்றன. மதுரையிலோ கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ உங்கள் பாட்டனார் சந்தா கட்டிய இதழின் தொகுதி இருந்தால், இதழியல் படிக்கும் பிள்ளையிடம் அதை எடுத்துக் கொடுங்கள். எந்த ஆண்டு, எத்தனை பக்கம், என்ன விலை, யார் விளம்பரம் கொடுத்தார்கள், எத்தனைச் செய்தி எத்தனைக் கட்டுரை என்று முதலில் அவன் எண்ணட்டும்.